பழைய ஓட்டுக் கூரை ஒழுகுகிறது: பிரித்து மாற்றுவதா, மேலே பூசி அடைத்துவிடுவதா?

முற்றத்துத்தூண் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். எங்கள் பாட்டனார் கட்டிய வீடு. நடுவில் முற்றம், நான்கு பக்கமும் தாழ்வாரம். முன்கட்டின் மேல் சீமை ஓடு, அதாவது ஆலையில் செய்த மங்களூர் ஓடு. பின்கட்டில் மட்டும் குயவர் வனைந்த பழைய நாட்டு ஓடு அப்படியே இருக்கிறது. சென்ற மழையில் கூடத்தில் மூன்று இடங்களில் ஒழுகியது. அண்டா, குடம், வாளி என்று அடியில் வைத்து அந்த மாதத்தைக் கடத்தினோம்.

பார்த்துச் சொல்ல இரண்டு பேரை வரவழைத்தோம். ஒருவர் ஏறிக்கூடப் பார்க்கவில்லை. வாசலில் நின்றபடியே, "ஓட்டின் ஆயுள் முடிந்துவிட்டது, மேலே ரப்பர் பூச்சு இரண்டு கை அடித்துவிடலாம்" என்றார். மற்றவர், ஓடு முழுவதையும் இறக்கிவிட்டு, ஓடு போலவே அச்சு வைத்த தகரம் போடச் சொன்னார். என் அண்ணனுக்கோ, சுவரை வைத்துக்கொண்டே கான்கிரீட் தளம் போட்டுவிட வேண்டும் என்று எண்ணம்.

எனக்கு மூன்றிலும் மனம் ஒப்பவில்லை. ஆனால் மனம் ஒப்பவில்லை என்பதை மட்டும் சொல்லி அண்ணனைத் தடுக்க முடியாது. காரணம் வேண்டும். ஓட்டுக் கூரையில் கை வைத்து வேலை செய்தவர்கள் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.

தச்சன்பேரன்

முதலில் ஒன்று கேட்கிறேன். ஒழுகும் இடத்துக்கு நேர் மேலே இருக்கும் ஓடுகளைத்தானே எல்லோரும் பார்த்தார்கள்? அங்கே பார்த்தால் ஒன்றும் அகப்படாது. உள்ளே வந்த நீர் ரீப்பரில் (ஓட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) விழுந்து, அங்கிருந்து கைமரத்தை (ரீப்பரைத் தாங்கிச் சரிவாக இறங்கும் மரம்) பிடித்து, கைமரத்தின் அடிவயிற்றிலேயே ஊர்ந்து இறங்கும். எங்கே ஒரு மரக்கணுவோ ஆணித்தலையோ குறுக்கிடுகிறதோ அங்கே சொட்டும். புகும் இடம் ஒன்று, சொட்டும் இடம் வேறு. சில வீடுகளில் இரண்டுக்கும் நடுவே ஆறேழு அடி இருக்கும்.

நான் செய்வது இதுதான். மழை பெய்துகொண்டிருக்கும்போதே டார்ச் விளக்கும் சுண்ணக்கட்டியுமாக உள்ளே ஏணி போட்டு ஏறிவிடுவேன். சொட்டும் இடத்தில் கைமரத்தின் அடிப்பக்கத்தில் விரலை வைத்து, மேல்நோக்கித் தடவிக்கொண்டே போக வேண்டும். ஈரம், ஈரம், ஈரம் என்று போய் ஓரிடத்தில் விரல் காய்ந்த மரத்தைத் தொடும். அந்த எல்லையில்தான் நீர் மரத்தைப் பிடிக்கிறது. அங்கே சுண்ணக்கட்டியால் ஒரு கோடு. மழை விட்டுக் கூரை காய்ந்த பிறகு, கோட்டை ஒட்டியும் அதற்குச் சற்று மேலேயும் உள்ள ஓடுகளைத் தூக்கிப் பார்த்தால் போதும்.

அப்படித் தூக்கிப் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் உடைந்த ஓட்டைக் கண்டதில்லை. நழுவிய ஓட்டைக் கண்டிருக்கிறேன். சீமை ஓட்டின் ஓரத்தில் நீளவாக்கில் ஒரு வாய்க்கால் இருக்கும், பக்கத்து ஓட்டின் விளிம்பு அதற்குள் உட்காரும். அந்த வாய்க்காலில் தூசியும் சருகும் சேர்ந்து மண்ணாகிவிட்டால், இறங்கிப் போக வேண்டிய நீர் வழியில்லாமல் விளிம்பைத் தாண்டி உள்ளே விழும். ஒரு பழைய பல்துலக்கியால் அந்த மண்ணைச் சுரண்டி எடுத்து, ஓட்டைத் திரும்ப வைத்ததும் ஒழுகல் நின்ற வீடுகள் உண்டு. ஏறிப் பார்க்காமலே ஓட்டுக்கு ஆயுள் முடிந்துவிட்டது என்று சொன்னவருக்கு அந்த வாய்க்கால் எப்படித் தெரிந்திருக்கும்?

பூச்சு அடிக்காதீர்கள். காரணத்தைத் தனியாக எழுதுகிறேன்.

சூளைமகள்

என் அப்பா ஓட்டுச் சூளையில் வேலை பார்த்தவர். அவரிடம் நான் கற்றதைச் சொல்கிறேன்.

ஓடு நல்லதா, போய்விட்டதா என்பதை நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. கறுத்துப்போய்ப் பாசி படிந்த ஓடு உள்ளே நெருப்பாகச் சிவந்திருக்கும். பளிச்சென்று இருக்கும் புது ஓடு அரைவேக்காடாக இருக்கும். காதால்தான் பார்க்க வேண்டும். ஓட்டை ஒரு முனையில் இரண்டு விரலால் தொங்கவிட்டு, நடுவில் விரல் முட்டியால் தட்டுங்கள். கணீரென்று மணிபோல் ஒலித்தால் அது இன்னும் நெடுங்காலம் உழைக்கும். மொத்தென்று சத்தம் வந்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஓடியிருக்கிறது, அல்லது சூளையில் வேகவில்லை. அப்பா கூரைமேல் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போவார். கீழே நிற்கும் எனக்கே எது தேறும், எது தேறாது என்று சத்தத்தில் தெரிந்துவிடும்.

இரண்டாவது சோதனை, தண்ணீர். வெயிலில் நன்றாகக் காய்ந்த ஓட்டை நிறுத்துப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். ஒரு நாள் முழுவதும் நீரில் மூழ்கவைத்து, மேலே துடைத்துவிட்டு மறுபடியும் நிறுங்கள். தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நீரைக் குடித்திருந்தால் அந்த ஓட்டை நான் கூரையில் ஏற்றமாட்டேன். மாட்டுத் தொழுவத்துக்கோ விறகுக் கொட்டகைக்கோ ஒதுக்கிவிடுவேன்.

இன்னொன்றையும் பாருங்கள். ஓட்டின் மேல் காசு அளவுக்கு வட்டமாகப் பெயர்ந்து, நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிகிறதா? அது மண்ணோடு கலந்து வந்த சுண்ணாம்புக் கல். சூளையில் அது நீறாக வெந்துவிடும். பிறகு ஈரம் படும்போது ஊதிப் பருத்து, ஓட்டை உள்ளிருந்தே தெறிக்க வைக்கும். மண்ணைச் சலித்து மிதித்தவன் அவசரப்பட்டிருக்கிறான் என்று பொருள்.

மண்ணுக்கு அவகாசம் கொடுக்க வேண்டும் என்பதை அப்பா ஓயாமல் சொல்வார். வெட்டிய மண்ணை உடனே அச்சில் வைக்கக்கூடாது, வெயிலிலும் பனியிலும் கிடந்து பதப்பட வேண்டும். இங்கிலாந்தில் இதற்குச் சட்டமே இருந்ததைப் பிற்பாடு படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. 1477இல் நான்காம் எட்வர்ட் அரசர் காலத்தில் இயற்றியது. ஓட்டு மண்ணை நவம்பர் 1க்குள் வெட்டிவிட வேண்டும், பிப்ரவரி 1க்குள் கிளறிப் புரட்ட வேண்டும், மார்ச் பிறக்கும் முன் அதில் ஓடு செய்யக்கூடாது. ஓட்டின் அளவையும் அந்தச் சட்டமே சொன்னது: நீளம் பத்தரை அங்குலம், அகலம் ஆறேகால் அங்குலம், கனம் அங்குலத்தில் எட்டில் ஐந்து பங்கு. சரியான மண் ஓடு செய்ய எவ்வளவு பொறுமை வேண்டும் என்பது எங்கேயும் ஒன்றுதான்.

கட்டகக்கணக்கு

நான் கட்டுமானப் பொறியாளர். பழைய கட்டடங்கள்மேல் எனக்கும் மதிப்பு உண்டு. ஆனாலும் இங்கே பேச்சு ஓட்டைச் சுற்றியே போகிறது. ஓட்டைத் தாங்குவது மரம்.

சீமை ஓடு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 15 பிடிக்கும். ஒன்று இரண்டரைக் கிலோ என்று வைத்தாலும் 40 கிலோவை நெருங்குகிறது. மழையில் நனைந்த ஓடு அதைவிடக் கனம். இந்தப் பாரத்தைக் கைமரங்கள் நூறாண்டாகத் தாங்கி நிற்கின்றன. அவற்றின் சுவருக்குள் புதைந்த முனைகளை யாராவது பார்த்தீர்களா? நடுப்பகுதி இரும்பாக இருக்கும், முனை மக்கிப்போயிருக்கும். ஒரு திருப்புளியை எடுத்து முனையில் குத்துங்கள். அரை அங்குலத்துக்கு மேல் எதிர்ப்பில்லாமல் உள்ளே போனால், ஓட்டைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டு முதலில் முட்டுக்கொடுங்கள். கரையான் ஏறிய மண்கோடு சுவரில் தெரிந்தாலும் அப்படித்தான்.

பூச்சைப் பற்றி: எல்லா இடத்திலும் ஓடு மாற்றத் தெரிந்த ஆள் கிடைப்பதில்லை. இருபது வருடம் வேண்டாம், ஐந்து வருடம் ஒழுகாமல் இருந்தால் போதும் என்று நினைக்கும் குடும்பங்களுக்கு அது ஒரு வழி. அதை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டியதில்லை.

கான்கிரீட் யோசனையை மட்டும் நானே தடுப்பேன். 12 செ.மீ. தளம் என்றாலும் சதுர மீட்டருக்கு 300 கிலோ. உங்கள் ஓட்டின் ஏழெட்டு மடங்கு. மண் சாந்தில் எழுப்பிய சுவருக்கு அந்தப் பாரத்தைச் சுமக்கும் தகுதி இருக்கிறதா என்று சோதிக்காமல் ஏற்றவே கூடாது. இதை உங்கள் அண்ணனிடம் அப்படியே காட்டுங்கள்.

தச்சன்பேரன்

கட்டகக்கணக்கு ஐயா மரத்தைப் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நானும் முதலில் அதைத்தான் எழுதியிருக்க வேண்டும்.

அதே மரத்தின் பெயரால்தான் பூச்சை எதிர்க்கிறேன். ஓடு நீரைக் கொஞ்சம் குடிக்கும், வெயில் வந்ததும் விட்டுவிடும். விடும்போது இரண்டு பக்கமும் விட வேண்டும். ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையில் உள்ள இடுக்கு வழியாகக் காற்று போய்வந்துகொண்டே இருக்கிறது. அதுதான் கூரையின் மூக்கு. அடியில் இருக்கும் ரீப்பரும் கைமரமும் இத்தனை மழைக்காலங்கள் உளுத்துப்போகாமல் நிற்பது அந்தக் காற்றால்தான். மேலே ரப்பர் பூச்சு அடித்தால் இடுக்கு எல்லாம் அடைபடும். ஆனால் நீர் வருவது நிற்காது. வீட்டுக்குள்ளிருந்து எழும் ஈரக்காற்று இருக்கிறது, இரண்டு சரிவும் சேரும் உச்சியான மோட்டுப் பக்கம் ஒரு விரிசலில் இறங்கும் நீர் இருக்கிறது. உள்ளே வந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் ஓட்டின் அடியிலேயே தங்கும்.

அப்படிப் பூச்சு அடித்துச் சில வருடங்களான ஒரு கூரையைப் பிரித்தேன். மேலே பார்க்கக் குங்குமம்போல் அழகாக இருந்தது. முதல் ஓட்டைத் தூக்க முடியவில்லை. பக்கத்து ஓடுகளோடு ஒட்டிக்கொண்டு, மூன்றாக உடைந்துதான் வந்தது. அடியில் ரீப்பர் கறுத்திருந்தது. கட்டை விரலை வைத்து அழுத்தினேன், பஞ்சுபோல் அமுங்கி, விரலைச் சுற்றி நீர் கசிந்தது. வெளியே மழை பெய்து பல நாள் ஆகியிருந்தது. அந்தக் கூரையில் ஒழுகல் என்று யாரும் புகார் சொல்லவே இல்லை. ரீப்பரில் அடித்த ஆணிகள் பிடிப்பு விட்டு ஓடுகள் சரியத் தொடங்கிய பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

பூச்சு இல்லாத கூரையில் ஓர் ஓடு உடைந்தால் அந்த ஒன்றை மட்டும் தூக்கிவிட்டு வேறு வைக்கலாம். ஆணி இல்லை, சாந்து இல்லை, அரை மணி நேர வேலை. பூசிய கூரையில் ஒன்றை எடுக்கப் போனால் பத்து உடையும். ஐந்து வருடத்துக்கு ஒழுகலை நிறுத்துகிறோம் என்று சொல்லி, நூறு வருடம் பழுதுபார்க்கக்கூடிய ஒன்றைப் பழுதே பார்க்க முடியாததாக ஆக்குகிறோம். எனக்கு இதில் கோபமே வருகிறது.

ஈரமண்

நாட்டு ஓட்டுக்கும் இதே முறைதானா? எங்கள் வீட்டில் முழுவதும் நாட்டு ஓடுதான். வாய்க்கால் எல்லாம் கிடையாது.

சூளைமகள்

அடிப்படை ஒன்றுதான், கைவேலை வேறு. நாட்டு ஓட்டில் கீழ்வரிசையை மல்லாத்தி வைப்பார்கள், அது வாய்க்கால். இரண்டு வாய்க்காலுக்கும் நடுவில் உள்ள சந்தை மூடி மேல்வரிசையைக் கவிழ்த்து வைப்பார்கள். கவிழ்ந்த ஓட்டின் முதுகில் விழும் நீர் இரண்டு பக்கமும் வழிந்து மல்லாந்த ஓட்டில் ஓடும். ஒன்றின்மேல் ஒன்று மூன்றில் ஒரு பங்காவது ஏறியிருக்க வேண்டும். பூனையும் குரங்கும் ஓடினால் நழுவும், அதனால் ஆண்டுக்கு ஒருமுறை மழைக்கு முன் யாராவது ஏறி வரிசையைத் திருத்தியே ஆக வேண்டும். சீமை ஓட்டில் அடிப்பக்கத்துக் குமிழ் ரீப்பரைப் பிடித்துக்கொள்ளும், நாட்டு ஓட்டுக்கு அந்தப் பிடி இல்லை.

ஒரு நாட்டு ஓட்டைக் கையில் எடுத்து உட்பக்கத்தைப் பாருங்கள், ஈரமண். மெல்லிய கோடுகள் வளைந்து ஓடும். அது சக்கரத்தில் சுழன்றபோது குயவரின் விரல் பதித்த தடம். ஒருமுனை அகன்றும் மறுமுனை ஒடுங்கியும் பானையைப்போலக் குழலாக வனைந்து, ஈரமாக இருக்கும்போதே நீளவாக்கில் கீறி வைப்பார்கள். காய்ந்ததும் தட்டினால் இரண்டாகப் பிளந்துகொள்ளும். ஒரு குழலுக்கு இரண்டு ஓடு. எங்கள் வீட்டில் ஓர் ஓட்டில் கட்டை விரல் ரேகைகூடத் தெளிவாக இருக்கிறது. அதை மட்டும் நான் கூரைக்குத் திருப்பி அனுப்பவில்லை.

பழங்கூரை

இந்த இழையைப் படித்துக்கொண்டே வந்தேன். சாந்தோ பசையோ இல்லாமல், ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்காருவதை மட்டுமே நம்பி மழையைத் தடுப்பது எவ்வளவு பழைய யோசனை என்பதைச் சொல்ல ஆசை.

கிரேக்க நாட்டில் லெர்னா என்ற இடத்தில் கி.மு. மூன்றாம் ஆயிரமாண்டைச் சேர்ந்த ஒரு பெரிய கட்டடத்தைத் தோண்டி எடுத்தார்கள். தீயில் அழிந்த அதன் இடிபாட்டில் சுட்ட ஓடுகள் குவிந்து கிடந்ததால் அதற்கு 'ஓடுகளின் வீடு' என்றே பெயர் வந்துவிட்டது. ரோமானியர்கள் விளிம்பு தூக்கிய தட்டை ஓட்டைப் பக்கம் பக்கமாக வைத்து, இரண்டு விளிம்புகளையும் மூடி வளைந்த ஓட்டைக் கவிழ்த்தார்கள். சூளைமகள் சொன்ன மல்லாத்திக் கவிழ்க்கும் முறையின் நெருங்கிய உறவுதான் அது. நம் கீழடியிலும் கூரை ஓடுகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. நீர் வழிந்து இறங்குவதற்காக விரலால் இழுத்த பள்ளங்கள் அவற்றில் தெரிகின்றன. மேல்முனையில் மரச்சட்டத்தோடு பிணைக்கத் துளைகளும் உண்டு.

நாம் சீமை ஓடு, மங்களூர் ஓடு என்று சொல்வது இவற்றோடு ஒப்பிட்டால் நேற்று வந்தது. பிரான்சின் அல்சேஸ் பகுதியில் அல்ட்கிர்ச் என்ற ஊரில் ஜிலார்டோனி சகோதரர்கள் 1841இல், ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் ஓட்டுக்குக் காப்புரிமை பெற்றார்கள். தச்சன்பேரன் பல்துலக்கியால் சுரண்டிய அந்த வாய்க்கால்தான் அவர்களுடைய கண்டுபிடிப்பின் உயிர். ஓரம் பூட்டிக்கொண்டதால் இரட்டை அடுக்குத் தேவைப்படவில்லை, கூரையின் பாரம் குறைந்தது. அந்த வகை ஓட்டை பாசல் மிஷன் என்ற கிறித்தவ சமய அமைப்பைச் சேர்ந்தவர்கள் மங்களூருக்குக் கொண்டுவந்து 1865இல் ஆலை தொடங்கினார்கள். ஆற்றங்கரைக் களிமண் அங்கே தாராளமாகக் கிடைத்தது. பிறகு தென்னாடு முழுவதும் ரயில் நிலையம், பள்ளிக்கூடம், அரசு அலுவலகம், வீடு என்று அந்தச் சிவப்பு பரவியது.

தொழிலாளிகள் தங்கள் தொடையில் வைத்தே ஓட்டை வளைத்தார்கள் என்று பல நாடுகளில் ஒரு கதை சொல்வார்கள். நம்ப வேண்டாம். ஒரே கூரையில் ஆயிரக்கணக்கான ஓடுகள் ஒரே வளைவில் இருக்க வேண்டும் என்றால் மர அச்சோ சக்கரமோ வேண்டும்.

கட்டகக்கணக்கு

பழங்கூரை எழுதியதைப் படித்ததும் ஒன்று தோன்றியது. ஜப்பானில் ஹிமெஜி கோட்டையின் ஓடுகளுக்கு இடையே வெள்ளைச் சுண்ணச் சாந்து பூசியிருக்கிறார்கள். அதனால்தான் கூரையே வெண்மையாகத் தெரிகிறது. 2009 தொடங்கி 2015 வரை அதன் பெரிய கோபுரத்தைப் பழுதுபார்த்தபோது சாந்தையும் புதுப்பித்தார்கள். ஆகவே சாந்தே கூடாது என்று பொதுவாகச் சொல்ல முடியாதே?

தச்சன்பேரன்

நல்ல கேள்வி ஐயா. சுண்ணச் சாந்துக்கும் ரப்பர் பூச்சுக்கும் உள்ள வேறுபாடுதான் என் வாதமே. சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி வெளியே விடும். மரம் கோடையில் சுருங்கி மழையில் பருக்கும்போது சுண்ணாம்பு கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், மயிரிழை விரிசல் விழுந்தாலும் ஓடு உடையாது. காலம் வந்ததும் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக வைக்கலாம், ஹிமெஜியில் செய்ததுபோல.

மோட்டு ஓட்டுக்கு நானும் சாந்து வைப்பவன்தான். சுண்ணாம்பும் செங்கல்தூளும் கலந்தது. அங்கே சிமெண்டை அப்புவதுதான் இன்று நான் அதிகம் பார்க்கும் தவறு. சிமெண்ட் கல்லாக இறுகிவிடும், கூரையோ அசையும். இரண்டு கோடையில் சிமெண்டுக்கும் ஓட்டுக்கும் நடுவில் தலைமுடி அகலத்துக்கு ஒரு பிளவு விழும். அதற்குள் போன நீர் வெளியே வராது. பிறகு "மோடு ஒழுகுகிறது" என்று அதன்மேலேயே இன்னும் ஒரு சட்டி சிமெண்ட். ஒரு வீட்டு மோட்டில் நான்கு படலம் உடைத்து எடுத்தேன். அந்தப் பாரத்திலேயே மோட்டைத் தாங்கும் வளை மரம் நடுவில் தொய்ந்திருந்தது.

வடசரிவு

ஒரு கேள்வி. எங்கள் வீட்டில் பழைய கூரையை ஒட்டித் திண்ணைக்கு மேல் புதிதாக ஓடு இறக்கினார்கள். தலை இடிக்கக்கூடாது என்று சரிவைக் குறைத்துவிட்டார்கள். ஓடு புதியது, ஒன்றுகூட உடையவில்லை. ஆனாலும் காற்றோடு மழை வந்தால் உள்ளே சாரல் தெறிக்கிறது. ஏன்?

கட்டகக்கணக்கு

சரிவுதான் காரணம், வேறெதையும் தேட வேண்டாம். ஓட்டுக் கூரை நீரைத் தேக்கித் தடுப்பதில்லை, வேகமாக இறக்கிவிடுகிறது. சரிவு குறைந்தால் நீர் ஓட்டின்மேல் மெதுவாகப் போகும். மெதுவாகப் போகும் நீரைக் காற்று பின்னால் தள்ளி, மேல் ஓட்டின் அடியில் நுழைத்துவிடும். போதாததற்கு, இரண்டு ஓடுகள் ஒட்டிக் கிடக்கும் இடுக்கில் நீர் தானாகவே மேலேறும், திரியில் எண்ணெய் ஏறுவதுபோல. சரிவு நன்றாக இருந்தால் அது ஓரிரு விரற்கடை ஏறி நின்றுவிடும். படுத்த கூரையில் ஓடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும் தொலைவு முழுவதையும் அது கடந்துவிடும்.

சீமை ஓட்டுக்கு 25 டிகிரிக்குக் கீழே நான் போகமாட்டேன். பலத்த மழை விழும் இடம் என்றால் 30க்கு மேல். உங்கள் திண்ணைக்கு இப்போது செய்யக்கூடியது: ஓட்டுக்குக் கீழே இன்னொரு தடுப்பு. ரீப்பருக்கு அடியில் ஈரம் வெளியேறவிடும் வகைத் தாளை விரித்து, அதன் கீழ்முனையை இறவாரத்துக்கு வெளியே தொங்கவிட வேண்டும். சாதாரண பிளாஸ்டிக் தாள் வேண்டாம், அது தச்சன்பேரன் சொன்ன ரப்பர் பூச்சின் வேலையை அடியிலிருந்து செய்யும். இந்த இழையைப் படித்த பிறகு பூச்சைப் பற்றி நான் முன்பு எழுதியதையும் திருத்திக்கொள்கிறேன். காற்று போகாத எதையும் மரத்துக்குப் பக்கத்தில் வைக்கப் பரிந்துரைக்கமாட்டேன்.

முற்றத்துத்தூண்

எல்லோருக்கும் நன்றி. மழை வந்தது, ஏறிப் பார்த்தேன். நடந்ததை எழுதுகிறேன்.

முதல் இடம்: தச்சன்பேரன் சொன்னபடியே. சொட்டியது கூடத்தின் நடுவில், விரல் காய்ந்த மரத்தைத் தொட்டதோ மோட்டுக்கு அருகில். வாய்க்காலில் அடைத்திருந்த மண்ணில் ஒரு செடியே முளைத்து, அதன் வேர் ஓட்டின் அடியில் பாய்போல் பின்னியிருந்தது. அதைப் பிய்த்து எடுத்தபோது ஓடு முழுசாக இருந்தது. தட்டினேன், கணீரென்றது. அண்ணன் கீழே நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை, ஏணியைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

இரண்டாம் இடம்: மேலே யாரோ தொலைக்காட்சிக் கம்பி கட்ட ஏறியபோது மிதித்து உடைத்த இரண்டு ஓடுகள். மாற்றிவிட்டோம்.

மூன்றாம் இடம்தான் பிடிபடவில்லை. முன்கட்டும் பக்கக்கட்டும் சேரும் கூடல்வாயில், எந்த ஓட்டைத் தூக்கினாலும் அடியில் ஈரம். அடியில் உள்ள தகரம் துருப்பிடித்திருக்கிறது, ஆனால் துளை எதுவும் தெரியவில்லை. கைமர முனைகளையும் திருப்புளியால் குத்திப் பார்த்தேன். கூடல்வாய்க்குக் கீழே உள்ள ஒன்றில் மட்டும் முக்கால் அங்குலம் உள்ளே போயிற்று.

தச்சன்பேரன்

அந்த ஒரு கைமரத்துக்கு இன்றைக்கே முட்டுக்கொடுங்கள். அடுத்த வேலை எல்லாம் பிறகு.

கூடல்வாயில் இரண்டு சரிவுகளின் நீரும் ஒரே பாதையில் வந்து விழுகிறது. கூரையிலேயே அதிகம் உழைக்கும் இடம் அது. துளை தெரியாவிட்டாலும் தகரத்தை நம்ப வேண்டாம். துருப்பிடித்த தகரத்தை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள், ஊசிமுனை அளவுக்கு வெளிச்சப் புள்ளிகள் தெரியும். புதிதாகப் போடும் தகடு பழையதைவிட அகலமாக இருக்கட்டும். இரண்டு பக்கமும் ஓட்டுக்கு அடியில் ஒரு முழமாவது ஏறி, விளிம்பு அரை அங்குலம் மேல்நோக்கி மடிந்திருக்க வேண்டும். அந்த மடிப்பு இல்லாவிட்டால், வேகமாக வரும் நீர் எதிர்ச்சரிவில் ஏறித் தகட்டைத் தாண்டி மரத்தில் விழும். உங்கள் கைமரம் மக்கியதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். இரண்டு பக்க ஓடுகளுக்கும் நடுவே கை நுழையும் அளவுக்குத் தகடு திறந்தே இருக்கட்டும். அழகுக்காக நெருக்கி மூடினால் சருகை எடுக்க முடியாது.

ஏறும்போது ஓட்டின் நடுவில் கால் வைக்காதீர்கள். மேல் ஓடு கீழ் ஓட்டின்மேல் ஏறும் இடத்துக்கு அடியில்தான் ரீப்பர் இருக்கும், அங்கே வைத்தால் தாங்கும். அதைவிட, சரிவின்மேல் ஓர் ஏணியைப் படுக்கவைத்து, மோட்டில் மாட்டி, அதன்மேல் ஏறுவது நல்லது. ஈரமாக இருக்கும்போது வேண்டவே வேண்டாம். பாசி வழுக்கும்.

முற்றத்துத்தூண்

முட்டு வைத்துவிட்டோம். தகட்டுக்கு ஆள் வருகிறார். அண்ணன் கான்கிரீட்டைப் பற்றி இப்போது பேசுவதில்லை. உடைந்தவற்றுக்குப் பதில் ஒரு நாற்பது ஓடு தேவைப்படும்போல் இருக்கிறது. புதிய ஓடு வாங்கினால் பழையதோடு பொருந்துமா?

சூளைமகள்

கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் ஆலைக்கு ஆலை வாய்க்காலின் இடமும் அகலமும் மயிரிழை மாறும். உங்கள் ஓடு ஒன்றைக் கையோடு எடுத்துப் போய், கடையிலேயே இரண்டையும் பூட்டிப் பாருங்கள். ஆடாமல், தூக்கிக்கொள்ளாமல் உட்கார வேண்டும். பழைய ஓட்டின் அடியில் ஆலையின் முத்திரை இருக்கும், அதே முத்திரை உள்ள பழைய ஓடு எங்காவது இடிக்கும் கட்டடத்தில் கிடைத்தால் அதற்கு ஈடில்லை.

பொருத்தமில்லாத ஓட்டைப் பழைய ஓட்டின் நடுவில் ஒன்றிரண்டாகச் செருகவே வேண்டாம். சீமை ஓடு உள்ள முன்கட்டின் பின்சரிவு ஒன்றை முழுவதும் பிரித்து, அங்குள்ள பழைய ஓடுகளைக் கொண்டு முன்பக்கத்து இடைவெளிகளை நிரப்புங்கள். புதியவை எல்லாம் பின்சரிவில் ஒன்றாக உட்காரட்டும், தங்களுக்குள் அவை சரியாகப் பூட்டிக்கொள்ளும்.

முற்றத்துத்தூண்

அப்படியே செய்கிறோம். பின்சரிவைப் பிரித்தால் மிச்சம் ஒரு நூறு, நூற்றைம்பது பழைய ஓடு தேறும். அவற்றை எப்படி வைப்பது? அண்ணன் கொல்லையில் அடுக்கப் போகிறார்.

சூளைமகள்

படுக்கவைத்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க வேண்டாம், அடியில் உள்ளவை பாரத்தில் விரிசல் விடும். மண்தரையிலும் வேண்டாம், உப்பு ஏறும். இரண்டு மரச்சட்டங்களை இணையாகப் போட்டு, அதன்மேல் ஓட்டை நீளவாக்கில் நிமிர்த்தி, குமிழ் எல்லாம் ஒரே பக்கம் பார்க்க வரிசையாகச் சாய்த்து வையுங்கள். மேலே இன்னொரு வரிசை வைக்கலாம், மூன்றாவது வேண்டாம். அடுக்கும்போதே ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்துவிடச் சொல்லுங்கள் அண்ணனிடம்.